ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெரிய மாத்திரை

பிப்ரவரி 11

அப்பா,

பிப்ரவரி 9, ஞாயிறு, காலை மணி 5.10. பெரிய மாத்திரை மிச்சம்: 52. இருக்க வேண்டியது: 4.

இதைத்தான் சமையலறை மேசையில் அடுக்கி வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து வந்தீர்கள். "என்னடா, வீட்டுல சோதனை போடறியா?" என்று கேட்டு, என் பையை எடுத்து வாசலில் வைத்தீர்கள். அதன்பிறகு எட்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அதனால் கடிதம். போனைப் போலப் பாதியில் வைத்துவிட முடியாதல்லவா.

கணக்கைச் சொல்கிறேன். ஜனவரி 12 அன்று ஒரு மாதத்துக்கு வாங்கியது: பெரியது அறுபது, சின்னது முப்பது. டாக்டர் எழுதியது பெரியது தினம் இரண்டு, சின்னது தினம் ஒன்று. இருபத்தெட்டு நாளில் பெரியது 56 போயிருக்க வேண்டும். போனது 8. அந்த இருபத்தெட்டு நாளில் ஞாயிறு நான்கு. அதாவது நீங்கள் பெரிய மாத்திரையை விடுமுறை நாளில் மட்டும் சாப்பிடுகிறீர்கள்.

சின்னது 28 போயிருக்க வேண்டும். போனது 52. வேறு ஒரு கடையில் இன்னொரு முப்பது வாங்கியிருக்கிறீர்கள், அதில் எட்டு மிச்சம். வேலை நாளில் தினம் இரண்டு. பெரியதை விட்டதற்கு ஈடாகச் சின்னதை ஏற்றிக்கொண்டீர்கள். யார் சொல்லி?

நான் டாக்டர் இல்லை. கொதிகலன் ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கிறவன். ஆனால் இந்த இரண்டு மாத்திரையும் என்ன செய்கின்றன என்று படித்துத் தெரிந்துகொண்டேன். பெரியது கல்லீரல் கண்டபடி சர்க்கரையை வெளியே விடாமல் பிடிக்கிறது. தனியாக இருந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் கீழே தள்ளுவது அபூர்வம். பத்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள். சின்னது அப்படி இல்லை. அது கணையத்தைப் பிழிகிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது கேட்பதில்லை. வருடம் போகப் போக கணையம் சளைத்துவிடும், மாத்திரையை ஏற்றச் சொல்லும். நீங்களோ டாக்டர் ஏற்றுவதற்கு முன்பே ஏற்றிவிட்டீர்கள்.

மதியச் சாப்பாட்டை மேலே கொண்டுபோய்த் தொடாமல் கொண்டுவருகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். இரண்டு சின்ன மாத்திரை, வெறும் வயிறு, நூற்று முப்பது அடி உயரத்தில் கிரேனின் கண்ணாடிக் கூண்டு. கையில் இருபத்தைந்து டன் கன்டெய்னர், கீழே ஆட்கள். சர்க்கரை இறங்கினால் முதலில் வியர்க்கும், கை நடுங்கும். அடுத்துப் புத்தி போகும். புத்தி போனது உங்களுக்குத் தெரியாது, அதுதான் அதில் மோசம்.

25ஆம் தேதி வரை நேரம். டாக்டரிடமும் துறைமுகப் பாதுகாப்பு அதிகாரியிடமும் நீங்களே சொல்லுங்கள். இல்லையென்றால் அதிகாரிக்கு நான் எழுதுவேன். மிரட்டல்தான். மிரட்டுகிறேன்.

மகன்

*

பிப்ரவரி 16

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் அம்மாவிடம் காட்டினேன். "எண்ணிப் பார்த்தானா? ஆலையில முறுக்காணி எண்ற புத்தி போகலையே" என்றாள். பிறகு என்னைத்தான் முறைத்தாள். உனக்குச் சந்தோஷமாக இருக்குமே.

இருபத்தேழு வருஷம் கிரேனில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பெட்டி இன்னொரு பெட்டியை உரசியது கிடையாது. கப்பல் ஆடினாலும் பெட்டி ஆடாமல் இறக்குவேன். உன் படிப்புக்குப் பணம் கட்டியது அந்தக் கைதான். இப்போது அந்தக் கைக்கு நீ சான்றிதழ் தருகிறாயா?

காரணம் கேட்டாயே, சொல்கிறேன். பதினொரு வருஷமாகப் பெரிய மாத்திரை சாப்பிட்டேன். ஒன்றரை வருஷமாக விரல் நுனி மரத்துப்போகிறது. கால் விரலும் அப்படித்தான், செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. கிரேனின் கைப்பிடியை அரை அங்குலம் நகர்த்தினால் கீழே பெட்டி ஆறடி நகரும். விரல் செத்துப்போனால் நான் எதை வைத்து ஓட்டுவது? கீழே நின்று எனக்குச் சைகை கொடுப்பவன், சங்கு, அவனுடைய மச்சானுக்கும் இதே மாத்திரை, இதே மரப்பு. "அண்ணே, அந்தப் பெரிசுதான் நரம்பைத் திங்குது, விட்டுத் தொலைங்க" என்றான். விட்டேன்.

எனக்கு இன்னும் பதினான்கு மாதம் சர்வீஸ் இருக்கிறது. ஏறிய நான் என் காலாலேயே இறங்குவேன். யாரும் தள்ளிவிட வேண்டாம். மிரட்டல் எல்லாம் உன் ஆலையில் வைத்துக்கொள்.

உன்னைப் பெத்தவன்

*

பிப்ரவரி 20

அப்பா,

சங்கு எந்தக் கல்லூரியில் மருத்துவம் படித்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். சங்கு என்று பெயர் வாங்கும் அளவுக்குத் தொண்டை பெரிதாக இருந்தால் சொல்வதெல்லாம் சரியாகிவிடுமா?

விரல் மரத்துப்போவது சர்க்கரையால். மாத்திரையால் அல்ல. சர்க்கரை வருடக்கணக்கில் ஏறி இருந்தால் நரம்பு கெடும், ஊருக்கே தெரிந்த விஷயம். நரம்பைக் காப்பாற்றும் மாத்திரையை நரம்பைத் தின்கிறது என்று தூக்கி எறிந்திருக்கிறீர்கள். பிரேக் பிடிக்கும்போது சத்தம் வருகிறதென்று பிரேக்கையே கழற்றிய கதை.

அது கிடக்கட்டும். மாத்திரைதான் விரலைக் கெடுக்கிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் சாப்பிடுகிறீர்கள்? ஞாயிறு அன்று விரல் உங்களுடையது இல்லையா? பொய் சொல்வதென்றால் சொல்லுங்கள், கணக்கு இடிக்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்று. 18ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு சங்கு உங்களை வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டாராம். அம்மா போனில் சொன்னாள். "வெயில் ஒத்துக்கலைங்கறார். சட்டையப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும்டா. என்னையே யாருன்னு கேக்கற மாதிரி பாத்தார்" என்றாள். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருந்ததாம், பாதி காலி. வெயிலுக்கு யார் சர்க்கரை சாப்பிடுகிறார்கள்?

18ஆம் தேதி மேலே என்ன நடந்தது?

இன்னும் ஐந்து நாள்.

மகன்

*

பிப்ரவரி 24

டேய்,

என்னைப் பொய்யன் என்று எழுதிவிட்டாய். சரி, உண்மையை வாங்கிக்கொள். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன செப்டம்பரில் டாக்டரம்மா பெரிய மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, தலையைத் தூக்காமல் எழுதினார். அன்றிலிருந்து வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. காலையில் சாப்பிட்டால் எட்டரை மணிக்கு ஓட வேண்டும். வீட்டில் ஓடலாம். கூண்டில் எங்கே ஓடுவது? ஏணி நூற்று நாற்பது படி. இறங்கப் பன்னிரண்டு நிமிஷம். அதற்கு முன்னால் மாற்று ஆள் ஏறி வர வேண்டும். மாற்று ஆளைக் குறைத்து மூன்று வருஷம் ஆகிறது, நாலு கிரேனுக்கு ஒருவன். மேலே கழிப்பறை கிடையாது. வெள்ளைக்காரனோ கறுப்பனோ, கிரேன் செய்தவனுக்கு வயிறு இல்லை போலிருக்கிறது.

மூன்றாவது நாள் ரேடியோவில் மாற்று ஆள் கேட்டேன். "பத்து நிமிஷம்" என்றார்கள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஐம்பத்தெட்டு வயசு ஆள், கூண்டுக்குள், சீருடையோடு. புரிகிறதா? இன்னும் விளக்கமாகச் சொல்ல வேண்டுமா, அதற்கும் எண்ணிக்கை வேண்டுமா? பெட்டி அப்போது அந்தரத்தில் தொங்கியது. அதை ஒழுங்காக இறக்கி வைத்துவிட்டுத்தான் அழுதேன். சங்கு அவன் பேன்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மழைக்கோட்டைச் சுற்றிக்கொண்டு நின்றான். துறைமுகக் குழாயில் நானே துவைத்தேன். இன்று வரை அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவனைத்தான் எந்தக் கல்லூரி என்று கேட்கிறாய்.

இதை அந்தச் சின்னப் பெண்ணிடம் போய் எப்படிச் சொல்வேன்? உன் அம்மாவிடமே சொல்லவில்லை. அதனால் வேலை நாளில் பெரியது இல்லை. சின்னது வயிற்றைத் தொந்தரவு செய்வதில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். அளந்து பார்த்தால் சர்க்கரையும் நன்றாகத்தான் இருந்தது. மதியம் சாப்பிடாததும் அதே பயத்தால்தான். விரல் மரத்ததும் உண்மை. நான் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னேன்.

18ஆம் தேதி. பத்தே கால் மணி. பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்து நடுவழியில் இருக்கிறேன். வியர்த்தது. கீழே இரண்டு லாரி தெரிந்தது. நின்றது ஒரு லாரி. எந்தக் கையை எந்தப் பக்கம் இழுப்பது என்று மறந்துபோய்விட்டது. இருபத்தேழு வருஷம் செய்ததுடா, மறந்துபோய்விட்டது. நல்லவேளை, எதையும் இழுக்கவில்லை. சங்கு ரேடியோவில் "அண்ணே, சர்க்கரை! பையில சர்க்கரை! இப்ப வாயில போடுங்க!" என்று கத்தினான். போட்டேன். கால் மணி நேரம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். பிறகு இறக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகவில்லை என்பதை நினைவில் வை. இதை வைத்து என்னை இறக்கினால் என் முகத்தில் விழிக்காதே.

அப்பா

*

பிப்ரவரி 27

அப்பா,

அதிகாரிக்கு எழுதிய கடிதம் 25ஆம் தேதி காலையில் போய்விட்டது. உங்கள் கடிதம் 26ஆம் தேதி வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன். இன்னும் வேகமாக அனுப்பியிருப்பேன். கிரேனை எப்படி ஓட்டுவது என்று உங்களுக்கு மறந்துபோயிருக்கிறது. அதை "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு வரியில் முடிக்கிறீர்கள். லாரிக்குள் ஓர் ஆள் இருந்தார். அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

எனக்குக் கோபம் தாங்கவில்லை. கூண்டில் நடந்ததற்காக இல்லை. அதில் வெட்கப்பட வேண்டியவர்கள் மாற்று ஆளைக் குறைத்தவர்கள். ஒரே ஒரு வாக்கியத்தை நீங்கள் சொல்லவில்லையே, அதற்காக. "நான் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லை." இதைச் சொல்லியிருந்தால் போதும். நேற்று எங்கள் ஆலை டாக்டரிடம் கேட்டேன். அதே பெரிய மாத்திரையில் மெதுவாகக் கரைகிற வகை இருக்கிறதாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. பலருக்கு வயிற்றுத் தொந்தரவு அடங்கிவிடுமாம். சின்னதுக்குப் பதிலாக, சர்க்கரையை அப்படிக் கீழே தள்ளாத வகைகளும் இருக்கின்றனவாம். ஒன்று மட்டும் உங்களுக்கு ஆகாது, அது சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நல்லதாம், ஆனால் அடிக்கடி போக வேண்டும். "அப்பா என்ன வேலை பாக்கறார்?" என்று அவர் முதலில் கேட்டார். கிரேன் என்றதும் அதை அவரே தள்ளிவைத்தார். பதினொரு வருடத்தில் உங்களைப் பார்த்த எந்த டாக்டரும் ஒரு தடவைகூட உங்கள் வேலையைக் கேட்கவில்லையா?

ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மானத்துக்காக அடுத்தவன் தலைமேல் இருபத்தைந்து டன்னைத் தொங்கவிட்டீர்கள்.

முகத்தில் விழிக்க வேண்டாமென்றால் விழிக்கவில்லை.

மகன்

*

மார்ச் 9

உனக்கு,

திருப்தியா? கையுறை கொடுக்கிறேன். ஸ்டோரில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நான். கையுறை இல்லாமல் ஒருவனையும் ஏணியில் ஏற விட மாட்டார்கள். "பெரியவரே, ஒம்பதாம் நம்பர் ஜோடி" என்று நேற்று வந்த பயல்கள் கை நீட்டுகிறார்கள். பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது. உன் புண்ணியம்.

துறைமுக ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அந்தப் பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பி-12 இவ்வளவு குறைஞ்சிருக்கே, வருஷக்கணக்கா இந்தப் பெரிய மாத்திரை சாப்பிட்டா சிலருக்கு இது குறையும், விரல் மரக்கும். யாரும் பாக்கலியா?" என்றார். எந்தக் கல்லூரியில் படித்தார் என்று நான் கேட்கவில்லை. சங்குவிடம் சொன்னேன். தரையில் உருண்டு சிரித்தான். ஊசி போடுகிறார்கள். மாத்திரையை விட வேண்டியதில்லையாம், பி-12 பார்த்துக்கொண்டு சாப்பிடலாமாம். மரப்பில் சர்க்கரைக்கும் பங்கு இருக்கும் என்றார். அந்தப் பங்கை நீ எடுத்துக்கொள், மீதி என்னுடையது.

இப்போது நீ செய்த காரியத்தைக் கேள். உன் கடிதத்தைப் படித்த அதிகாரி பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். சர்க்கரை மாத்திரை சாப்பிடும் கிரேன்காரர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், மறு உத்தரவு வரை ஏறக் கூடாது. சாப்பிடாதவர்கள் "சாப்பிடவில்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும். எந்த மாத்திரை, எதனால் என்று ஒரு கேள்வி இல்லை. மாத்திரை என்றால் இறங்கு, அவ்வளவுதான்.

பதினொரு பேரில் மாத்திரைக்காரர்கள் நாலு பேர். நான் இறங்கிவிட்டேன். மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். குண்டூசியைத் தெரியுமல்லவா, உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன். மற்ற இரண்டு பேரைப் போல மாத்திரையை மறைத்து அவன் பொய் சொல்ல மாட்டான். அதனால் முதலில் மாத்திரையை நிறுத்தினான், பிறகு "சாப்பிடவில்லை" என்று கையெழுத்துப் போட்டான். மூன்று மாத்திரை அட்டையையும் மேலே இருந்து தண்ணீரில் வீசிவிட்டு, "மீனுக்கும் சர்க்கரை இருக்கும்ல அண்ணே" என்றான். போன வாரம் அவனை என் வீட்டுச் சர்க்கரை மெஷினில் பார்த்தேன். 390. தண்ணீராகக் குடிக்கிறான். எழுத்து மங்குகிறது என்கிறான். அவன்தான் இப்போது என் கிரேனில் இருக்கிறான்.

நான் சின்னதை இரண்டாகப் போட்டு ஒருவன் ஆபத்தாக இருந்தேன். நீ ஒரு காகிதம் எழுதி மூன்று பேரை ஆக்கிவிட்டாய். கணக்குப் பிள்ளையே, இதைக் கூட்டு.

பதில் வேண்டாம்.

*

மார்ச் 13, வியாழன், மாலை மணி 5.35. பலகையில் இருக்கும் மாத்திரைக்காரர்களின் கையெழுத்துகள்: மூன்று.

அப்பா,

இதைத் தபாலில் போடவில்லை. நம் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போவேன். முகத்தில் விழிக்க வேண்டாமென்று சொன்னீர்கள், விழிக்கவில்லை.

பி-12 விஷயத்தில் நான் தவறு. முழுத் தவறு. மாத்திரையால் அல்ல என்று அடித்து எழுதினேன். பாதி படித்துவிட்டுப் பேசினேன். சங்குவிடம் நேரில் சொல்லிவிட்டேன். இன்று மூன்று மணிக்கு, துறைமுகக் கேட்டில். "உங்கப்பா மாதிரியே கையக் கட்டிக்கிட்டு மன்னிப்புக் கேக்கறியேப்பா, அடிக்க வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

அதிகாரிக்கு எழுதிய கடிதமும் தவறு. எழுதியது தவறில்லை, எழுதிய விதம் தவறு. "என் அப்பாவை இறக்குங்கள்" என்று கேட்டேன். அவர்கள் கேட்டதைச் செய்தார்கள். ஏன் ஓர் ஆள் மாத்திரையை மாற்றிச் சாப்பிடுகிறான் என்று நான் எழுதவில்லை. அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன், மூன்று பேர் கணக்கும் என்னுடையதுதான்.

ஆனால் உங்களைவிட எனக்குத்தான் இப்போது கோபம் அதிகம். குண்டூசி மாமாவுக்கு 390. கண் மங்குகிறது. அவர் உங்கள் கிரேனில் இருக்கிறார். இவ்வளவும் தெரிந்து நீங்கள் என்ன செய்தீர்கள்? எனக்குக் கடிதம் எழுதினீர்கள். என்னைக் குத்துவதற்கு. அது வந்து சேர மூன்று நாள். மூன்று நாளும் அவர் காலையில் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து உங்களிடம்தான் கையுறை வாங்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னீர்களா? "நண்பனைக் காட்டிக் கொடுப்பதா" என்பீர்கள். நான் பிப்ரவரி முழுவதும் அதையேதான் யோசித்தேன், அப்பா. தூங்கவில்லை. நீங்கள் கையுறையை எடுத்து நீட்டியிருக்கிறீர்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. இப்போதே குண்டூசி மாமா வீட்டுக்குப் போகிறேன். அவர் சர்க்கரையைப் பார்ப்பேன். கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். வர மாட்டேன் என்றால் வாசலிலேயே உட்காருவேன்.

2. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அதிகாரியைப் பார்க்கிறேன். கையில் இரண்டாவது கடிதம். அதில் கேட்பது நான்கு: எந்த மாத்திரை என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும், மாத்திரை மாற்றும் வரை சம்பளம் குறையாமல் கீழே வேலை, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்டிப்பாக மாற்று ஆள், ஏணியின் பாதியில் இருக்கும் மேடையில் கழிப்பறை. யாருக்கு என்ன நடந்தது என்று அதில் இல்லை. உங்கள் செப்டம்பர் கதை என்னோடு சாகும்.

3. பதினொன்றரைக்கு உங்கள் டாக்டரம்மாவைப் பார்க்கிறேன். உங்கள் பெயரில் நேரம் வாங்கிவிட்டேன். நீங்கள் வந்தால் நான் வெளியே நிற்பேன். வராவிட்டால் அந்த ஒரு வாக்கியத்தை நானே சொல்வேன்.

4. மற்ற இரண்டு பேரின் பெயர் எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்க மாட்டேன். நீங்களே அவர்களிடம் போங்கள், இன்றைக்கே.

5. குண்டூசி மாமா என் பேச்சைக் கேட்காமல் நாளை வேலைக்கு வந்தால், காலை 5.40க்குக் கேட்டுக்கு வெளியே அவரை மறிப்பேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போவார், தெரியும். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. அதற்குப் பிறகு அவருக்கும் ஏணிக்கும் நடுவில் இருப்பது உங்கள் ஜன்னல் ஒன்றுதான். அவர் கை நீட்டும்போது கையுறையைக் கொடுக்காதீர்கள்.